ஃபில்டர் நீளம்

அறுபத்தையாயிரம் வைக்கலாமா, நாலாயிரம் போதுமா என்று அருள்தாஸ் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ‘ஃபில்டர் நீளம்’ என்று கேட்டு, அதற்குக் கீழே எண்கள் ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பாக இறங்கிப் போயின. ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டு ‘எக்ஸ்போர்ட்’ என்பதை அமுக்கினால் வேலை முடிந்தது. எத்தனையோ கல்யாண மண்டபத்துக்கும் சர்ச்சுக்கும் சவுண்டைச் சரிசெய்ய இதைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியிருக்கிறார். இன்றைக்குக் கை போகவில்லை. ஏனென்றால் காலையில் அவர் தயார் செய்து, ஹெட்ஃபோன் வழியாகத் தன் மனைவி பிலோமினாவின் மங்கிப்போன காதுக்குள் அனுப்பிய ஃபைலில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே என்றால் சுத்தமாக ஒன்றுமே. வேறெதற்கோ அதைத் திறந்து பார்த்தபோது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கோடு ஓடியது, மேடில்லை, பள்ளமில்லை. எந்தச் சத்தத்தை அந்த ஃபைல் வழியாக விட்டாலும் மறுபக்கம் மௌனம்தான் வந்து சேரும். மகள் செல்போனில் அனுப்பியிருந்த குரலை அவர் அதன் வழியாகத்தான் விட்டார். பிலோமினா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, “இப்பத்தாங்க தெளிவா இருக்கு. பாப்பா பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்கு” என்றாள். மனுஷன் அந்தச் சந்தோஷத்தில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார், மடையன்.

முதலில் தப்பு எங்கே நடந்தது என்று பார்ப்போம் என்று மனசு ஒரு ரிப்பேர்க்காரனைப் போல முன்னால் வந்து நின்றது. அதற்குத் துக்கப்படத் தெரியாது, பிரித்துப் பார்க்கத்தான் தெரியும். அருள்தாஸின் தொழில் அப்படி. ஒரு மண்டபத்துக்குள் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் அந்தத் தட்டு எப்படிக் கிளம்புகிறது, எந்தச் சுவரில் மோதி எவ்வளவு நேரம் முனகி அடங்குகிறது என்பதை வரைந்து எடுத்துவிடலாம். அந்தக் கோளாறைச் சரிக்கட்ட இன்னொரு தட்டைக் கணக்குப் போட்டு ஃபைலாக வைத்துவிட்டால், அப்புறம் நாதஸ்வரமோ, பிரசங்கமோ, மாப்பிள்ளையின் தாய்மாமன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுவதோ எதுவானாலும் அதற்குள் புகுந்து சீராகி வெளியே வரும். நீளம் கூடக்கூட ஃபில்டருக்கு நுணுக்கம் கூடும், கூடவே சத்தம் பின்தங்கும். நீளத்தைக் குறைத்தால் சத்தம் உடனுக்குடன் வரும், ஆனால் முரட்டு வேலையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கே வெட்டுவது என்பதில்தான் ஆளின் கைவரிசை இருக்கிறது என்று அவருக்கு ஒரு கர்வம். பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் தன்னைப் போல வெட்டத் தெரிந்தவன் கிடையாது என்று நினைப்பு. அந்தக் கைவரிசைக்காரர் காலையில் செய்தது என்ன? அவர் வைத்திருந்தது நடுவில் தட்டு நிற்கிற ஜாதி ஃபில்டர். முன்பாதி வெறும் இடம், நட்டநடுவில் தட்டு, அதற்குப் பின்னால் மீதி. தாமதத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நீளத்தை மட்டும் நாலாயிரத்துக்கு இறக்கிவிட்டார், தட்டை முன்னால் இழுத்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டு, தலைப்பக்கத்திலிருந்து நாலாயிரம் அளந்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்தது. எறிந்த பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. சரி, கொடுப்பதற்கு முன்னால் தன் காதில் வைத்துக் கேட்டிருக்கக் கூடாதா? வேறு எதுவானாலும் கேட்காமல் கொடுக்க மாட்டார். பிலோமினாவின் ஃபில்டரை மட்டும் அவரால் கேட்க முடியாது. அவள் காதுக்கு எட்டாத சத்தங்களை எல்லாம் தூக்கித் தூக்கி வைத்ததில், நல்ல காதுக்கு அது கத்தியால் குத்துகிற மாதிரி இருக்கும். ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தலைவலியோடு கிடந்தார். அதிலிருந்து அவளைக் கேட்பதோடு சரி. அவள் நல்லா இருக்கு என்றால் நல்லா இருக்கு.

காதை ஒரு மண்டபம் மாதிரி அளக்கலாம் என்று எவன் சொன்னான். யாரும் சொல்லவில்லை, இவராகத்தான் கண்டுபிடித்தார். போன வருஷம் பிலோமினா மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள், பிழைத்ததே பெரிது என்று பூண்டி மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அப்புறம்தான் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காய்ச்சல் உள்காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக்கிக்கொண்டு வருகிறது, மெஷின் வைத்தாலும் பெரிய பிரயோஜனமில்லை, ஆபரேஷனுக்கும் அங்கே இடமில்லை என்றார். டாக்டர் பேசப் பேச அருள்தாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், சலவைக்கல் ஒட்டிய சுவர், எதிரொலி அதிகம், இந்த அறையில் இவர் பேசுவது எந்த நோயாளிக்குத்தான் சரியாகக் கேட்கும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. வீட்டுக்கு வந்தவுடன் பின்னறையில் ஒரு மேஜையைப் போட்டு, அவளை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு சுரமாக விட்டார். கேட்டால் விரலைத் தூக்கு. அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரலைத் தூக்கினாள், இறக்கினாள். வலதைவிட இடது காது தேவலை. உள்ளங்கை வேர்த்திருந்தது, முகத்தில் மட்டும் ஒரு விளையாட்டு. எது கேட்கவில்லையோ அதைத் தூக்கி, எது முனகுகிறதோ அதை அமுக்கி, முதல் ஃபைலைப் போட்டபோது அவள் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். கேட்டது, அன்றைக்கு அவளுக்குக் கேட்டது, அது பொய்யில்லை. “ரெனிட்டா ‘ச’ சொல்றப்ப ஒரு விசில் வருதுங்க, அதை எடுத்துருங்க” என்றாள். மகள் ரெனிட்டா மஸ்கட்டில் நர்ஸ், அவள் அனுப்பிய வாட்ஸ்அப் குரலைத்தான் எப்போதும் போட்டுப் பார்ப்பார்கள். அம்மா, தூங்கிட்டியா, இங்க ஒரு பேஷண்ட் என்னைத் தன் சம்சாரம்னு நெனச்சுக்கிட்டுத் திட்டறாரும்மா என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். விசிலை எடுத்தார். அப்புறம் சட்டையில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு எதிரே நின்று, ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா என்றார். அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க வாயை மூடினப்புறம் குரல் வருதுங்க. பொம்மலாட்டம் பாக்கற மாதிரி இருக்கு” என்றாள். அதுதான். அதற்குப் பிறகு அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. விசில் என்றில்லை, இரைச்சல் என்றில்லை, எதைப் போட்டாலும் நல்லா இருக்கு. தன் திறமை ஏறிக்கொண்டே போகிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். குறை சொன்னவரைக்கும்தான் அவளுக்குக் காது கேட்டிருக்கிறது.

அப்படியே இருக்க வேண்டுமா என்ன, கொஞ்சம் பொறு. ஹெட்ஃபோனுக்கு வெளியே செல்போனிலிருந்து குரல் கசிந்திருக்கலாம், அதைக் கேட்டிருக்கலாம். நல்ல காதுக்காரனுக்கே கசியாத ஹெட்ஃபோன், அவர்தான் பொறுக்கி வாங்கினார். சரி, அந்தக் குரல் அவளுக்கு மனப்பாடம், எங்கே சிரிப்பு வரும் என்று தெரியும், அந்த ஞாபகமே காதில் கேட்ட மாதிரி இருந்திருக்கலாம், ஆசைப்பட்டதைக் கேட்பதுண்டு இல்லையா. குரல் ஓட ஓடச் செல்போனில் அந்தப் பச்சைப் புள்ளி நகர்ந்துகொண்டு போகுமே, அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றாலும் வந்தது. ஒன்று வந்தால் பின்னாலேயே எல்லாம் வரும். குக்கருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த வெயிட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, கால்வலி என்றல்லவா நினைத்தார். கூடத்தில் வாசலுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டாளே, காற்றுக்கு என்றல்லவா நினைத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் எழுந்திருக்கும்போது இவள் முன்வரிசையைப் பார்த்துவிட்டு அரை நொடி கழித்து எழுந்திருக்கிறாள். அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு என்ன நினைத்தார் தெரியுமா, அரை நொடி தாமதம், நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தார். ஹெட்ஃபோன் வீட்டு மேஜையில் கிடக்கிறது, அவள் வெறும் காதோடு கோவிலில் நிற்கிறாள், இவர் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தார். இப்படி ஒரு ஆள் உலகத்தில் இருப்பானா. கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அறைந்துகொண்டால் அந்தச் சத்தம்கூட அடுத்த அறைக்கு எட்டாது என்பதுதான் அப்புறம் தோன்றியது.

கோபம் வந்தது. யார் மேல் என்று பார்க்கிற நிலைமையில் அவர் இல்லை, வந்தது. ஏமாற்றிவிட்டாள். இத்தனை மாதமாக வெளிவேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு, கண் எரிய எரிய, முதுகு ஒடிய, அந்த அறைக்குள் கிடந்தது எவளுக்காக? கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? சொல்லியிருந்தால் இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்த காலத்திலேயே வேறு மாதிரிக் கணக்குப் போட்டிருக்கலாம், அடிச்சுரங்களை மட்டும் பிடித்து, பேச்சை அங்கே கீழே இறக்கி வைத்திருக்கலாம். வேறு மாதிரி, வேறு மாதிரி, எப்போது பார்த்தாலும் வேறு மாதிரி ஒன்று இருக்கிறது இவரிடம். கோபம் தணிந்ததும் அதற்கு அடியில் பயம் உட்கார்ந்திருந்தது, ரொம்ப நேரமாக உட்கார்ந்திருந்த மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் ஆகும், காபி போட்டு எடுத்துக்கொண்டு வருவாள், எதிரெதிரே உட்கார வேண்டும். அப்புறம் ராத்திரிச் சாப்பாடு, அப்புறம் நாளைக்கு, அதற்கு அடுத்த நாள். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, ஊரில் பாதிப் பேருக்கு அவர் குரலே தெரியாது. அவர் பேசுகிற கொஞ்சநஞ்சத்தையும் கேட்பதற்கென்று ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள் காது போய்விட்டால் இவர் பேசினாலென்ன, பேசாவிட்டாலென்ன. மண்டபம் காலியாக இருக்கும்போது அளக்கக் கூடாது, ஜனம் உட்கார்ந்த பிறகு சத்தமே வேறு என்று தானே எல்லாரிடமும் சொல்லுவார். இனி இந்த வீட்டில் ஜனம் கிடையாது. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, வழக்கம்போல, கூடத்தில் கேட்டுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார்.

கூடத்தில் பிலோமினா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. ஜாக்கெட்டுக்கு மேலே கழுத்தில் வேர்வை, சின்னக் கொண்டை, கொண்டையிலிருந்து விடுபட்ட நரைமுடி. ஒருவேளை இடதுபக்கம் இன்னும் ஒரு துளி இருந்தால்? இருந்தால் அறுபத்தையாயிரம் வைக்கலாம். தாமதம் ஆகட்டுமே, பேசி முடித்த பிறகு வந்து சேர்ந்தால்தான் என்ன, வந்து சேர்ந்தால் சரி. தட்டைப் பத்திரமாக நடுவில் வைத்து, கடைசி எண்ணைத் தொட்டு, எக்ஸ்போர்ட்டை அமுக்கினார். ஃபைல் வந்து விழுந்தது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய்க் காதில் மாட்ட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மாட்டினால் நல்லா இருக்கு என்பாள். அந்தச் சொல்லைத் தாங்க முடியாது. முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும், ஃபில்டரும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். “பிலோ” என்று கூப்பிட்டார். கீரை உருவுகிற கை நிற்கவில்லை. “பிலோ!” என்று உரக்கக் கூப்பிட்டார். தண்டைத் தனியே போட்டாள். மண்டபத்துக்கு எடுத்துப் போகிற பெரிய ஸ்பீக்கர் சுவரோரம் போர்வை மூடிக் கிடந்தது, போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு வயரைச் சொருகினார். மண்டபங்களை அளக்கிற அந்த நீண்ட ஊளையை, மேலே கிய்யென்று ஆரம்பித்து அடிபாதாளம்வரை இறங்குகிற ஊளையை, முழு வால்யூமில் விட்டார். ஜன்னல் கண்ணாடி கூசியது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றையொன்று இடித்துக்கொண்டது. எதிர் மரத்துக் காக்கை பறந்தது. கீழ்வீட்டு லெட்சுமிகாந்தம் வாசலுக்கு ஓடிவந்து, “அருள் சார், என்னா சார் இது! காது கிழியுது சார்!” என்று கத்தினார். பிலோமினா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி, விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, முறத்துக்கு வெளியே போட்டாள். ஊளை இறங்கிக்கொண்டே வந்தது. அவருக்குக் கண் மறைத்தது. சரி, தெரிந்துவிட்டது, நிறுத்து என்று தனக்கே சொல்லிக்கொண்டு கையை நீட்டினார். அப்போதுதான் அவள் திரும்பினாள். நிஜமாகவே திரும்பி, நேராக அவரைப் பார்த்தாள். மாதாவே, அடிச்சுரம் இருக்கிறது, கீழே ஏதோ மிச்சம் இருக்கிறது, அறுபத்தையாயிரம் சரிதான் என்று நினைத்தபோது அவள் இடது கையைப் பார்த்தார். உள்ளங்கை தரையில் பரந்து பதிந்திருந்தது. தரை அதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் கையை எடுத்தாள், மறுபடியும் வைத்துப் பார்த்தாள், பிறகு மெதுவாக முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

ஊளை முடிந்திருந்தது. அறைவாசலில் நின்று ஸ்பீக்கரைப் பார்த்தாள், கழன்று கிடந்த போர்வையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல இனி ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தில் ஒரு களைப்பு, கூடவே பாரம் இறங்கின மாதிரி ஒன்று.

“தெரிஞ்சு போச்சாக்கும்” என்றாள். தன் குரலின் அளவு அவளுக்கே தெரியாததால் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் வந்தது. “எப்பலேருந்து” என்று அவர் கேட்டது அவளுக்கு உதட்டிலேயே புரிந்தது. “வலது ஈஸ்டருக்கு முன்னாடியே போயிருச்சு. இடதுல கொஞ்ச நாள் ஏதோ தண்ணிக்குள்ள பேசற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல.”

“ஏன் பிலோ சொல்லல? ஏன் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்ன?”

அவள் கீரை ஆய்ந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்குன்னு சொன்னா எந்திரிச்சு வெளிய வருவீங்கன்னு பாத்தேன்” என்றாள். “வேலை முடிஞ்சிருச்சுன்னு வந்து கூட உக்காருவீங்கன்னு. நீங்க என்னடான்னா, இன்னும் கொஞ்சம் நல்லாக்கறேன்னு திரும்ப உள்ள போயிட்டீங்க. நானும் அடுத்த தடவையாச்சும்னு இன்னும் ஒசத்தியாச் சொன்னேன். அப்பவும் போயிட்டீங்க. எனக்குக் கேட்டுக்கிட்டு இருந்த நாளெல்லாம் நீங்க இந்த ரூமுக்குள்ளயே இருந்தீங்கங்க.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கோபித்துச் சொல்லியிருந்தால்கூட அவர் எப்படியாவது நின்றிருப்பார். அருள்தாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல ஆரம்பித்தார். உதடு கோணியது, எச்சிலும் கண்ணீரும் சேர்ந்து வார்த்தை குழறியது. கீழே லெட்சுமிகாந்தம் இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பிலோமினா கண்ணைச் சுருக்கி அவர் வாயையே பார்த்தாள்.

“புரியலைங்க, வாய் ஆடுது” என்று சொல்லி, அவர் தோளைப் பிடித்து வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள். “இப்ப சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க.”

அருள்தாஸ் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.